கப்பல்காரரே துறைமுகத்திலும் பங்குதாரர்

கேள்வி: எங்கள் கூட்டுறவுத் தொழிற்சாலைத் தேயிலை கொச்சியிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் செல்கிறது. அந்தத் துறைமுகத்தைக் கப்பல் நிறுவனங்கள் வாங்கிவிட்டன என்கிறார்களே, உண்மையா? எங்களுக்கு இதில் பாதிப்பு உண்டா? – சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: துறைமுகத்தை எவரும் வாங்கவில்லை. ஹாம்பர்க்கில் நிலமும் கப்பல் வந்து நிற்கும் துறையும் கரைச்சுவரும் பொது உடைமைகளே. சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முனையங்களை நடத்துகிற நிறுவனங்களின் பங்குகள்தாம் கைமாறுகின்றன. ஆல்டன்வெர்டர் முனையத்தில் ஹபாக்-லாய்டு கப்பல் நிறுவனத்துக்கு 25.1 சதவீதப் பங்கு இருக்கிறது. டோலரோர்ட் முனையத்தில் சீன அரசு நிறுவனமான காஸ்கோ 35 சதவீதம் பெறவிருந்தது. பெரும் அரசியல் சர்ச்சைக்குப் பிறகு, 2023இல் அதற்கு 24.99 சதவீதமே கிடைத்தது. ஜெர்மன் நிறுவனச் சட்டப்படி 25 சதவீதத்தைத் தாண்டிய பங்குதாரர் முக்கியத் தீர்மானங்களைத் தடுக்க முடியும் என்பதால், அந்தச் சிறு பின்னத்துக்குப் பெரும் பொருள் உண்டு. இவ்விரு முனையங்களின் தாய் நிறுவனமான எச்.எச்.எல்.ஏ.வில் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 49.9 சதவீதம் வரையும் நகர அரசு 50.1 சதவீதமும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2024இல் நிறைவேறியது.

கிரேக்கத்தின் பிரேயஸ் கதை வேறு. அங்கே காஸ்கோ 2016இல் துறைமுக நிர்வாக நிறுவனத்திலேயே 51 சதவீதம் வாங்கி, 2021இல் அதை 67 ஆக உயர்த்திக்கொண்டது. என் பார்வையில் கவலைக்குரியது இதுதான்; முனையத்தில் பங்கு வாங்குவது வாடிக்கையாளராக இருப்பது, நிர்வாகத்தையே வாங்குவது விதி வகுப்பவராகிவிடுவது.

கப்பல்காரர் முனையத்தில் ஏன் பணம் போட வேண்டும்? இதை நம் மலையில் விளக்கத் தேவையில்லை. பறிப்பு மிகுந்த மாதங்களில் சொந்தத் தொழிற்சாலை உள்ள எஸ்டேட்டின் இலை முதலில் வாட்டுத் தொட்டிக்கு (பச்சை இலையை வாட்டும் இடம்) போகும். நம் மூட்டை சாலையோரம் சூடேறிக்கொண்டிருக்கும். இருபதாயிரம் பெட்டி கொள்ளும் கப்பல் கடலில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பெருநஷ்டம். ஆகவே தங்கள் கப்பலுக்கு முனையத்தில் இடம் உறுதியாக வேண்டும் என்று கப்பல்காரர்கள் நினைக்கிறார்கள். நெரிசல் காலத்தில் பின்தள்ளப்படக்கூடியவை பங்கில்லாத நிறுவனங்களின் கப்பல்களே.

குன்னூர் ஏல விலையில் இதன் நேரடித் தாக்கத்தை நீங்கள் காண மாட்டீர்கள். ஆனால், உங்கள் ஏற்றுமதியாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: தேயிலை கொச்சியில் கப்பலேற்றும் வரையிலான விலைக்கு விற்கப்படுகிறதா, ஹாம்பர்க்கில் சேர்க்கும் விலைக்கா? முன்னதெனில் கப்பலையும் அதன் வழியே முனையத்தையும் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவரே; பின்னதெனில் அந்தத் தேர்வும் கடல் கட்டண உயர்வும் உங்கள் தரப்பைச் சேர்ந்தவை.