இளங்கொடி விழும்வரை சீம்பாலுக்குக் காத்திருக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சினைமாடு அடுத்த மாதம் ஈனும். இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழுந்த பிறகுதான் கன்றுக்குச் சீம்பால் விடவேண்டும் என்கிறார் மாமியார். "வயிற்றில் இருந்தவரை தாயின் ரத்தம்தானே அதற்குள் ஓடியது, எல்லாச் சத்தும் சேர்ந்திருக்கும், கொஞ்சம் பொறுத்தால் என்ன?" என்று கேட்கிறார். பொறுக்கலாமா?

ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

பொறுக்க வேண்டாம். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணியிலேயே ஊட்டிவிடுங்கள்.

தாயின் ரத்தம் கன்றுக்குள் ஓடுவதில்லை. இளங்கொடி விழுந்ததும் கவனித்துப் பாருங்கள், பெரிய பொத்தான்களைப் போலச் சிவந்த திட்டுகள் இருக்கும். ஒரு கொடியில் 70 முதல் 120 வரைகூட இருக்கும். கருப்பைச் சுவரின் குமிழ்களைப் பற்றிக்கொண்டிருந்தவை அவை. அங்கே இரண்டு ரத்த ஓட்டங்களும் மிக நெருங்கி வருகின்றன, ஆனால் கலப்பதில்லை. நடுவில் பல செல் அடுக்குகள் உண்டு.

ஆக்சிஜன் அவற்றைத் தானாகக் கடந்துவிடும். குளுக்கோஸைக் கடத்திவிட அங்கேயே தனிப் புரதங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பகுதியைக் கொடி ஃபிரக்டோஸாக, அதாவது பழச்சர்க்கரையாக, மாற்றிவிடுகிறது. பிறக்காத கன்றின் ரத்தத்தில் குளுக்கோஸைவிட அதுதான் அதிகம், எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம் இது. அமினோ அமிலங்களும் கால்சியமும் தாயைவிடக் கன்றின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும். அதாவது கொடி தன் சக்தியைச் செலவழித்து அவற்றை இறைத்துக் கொடுக்கிறது. தாய்க்குத் தீவனம் போதாவிட்டால் அதன் எலும்பும் தசையும் கரைந்துதான் கன்று வளரும். பிறக்கும்போது இருக்கிற எடையில் பாதிக்கு மேல் கடைசி இரண்டு மாதங்களில் கூடுவது. பாலை வற்றவிட்டு, நல்ல தீவனம் போடச் சொல்வது அதனால்தான்.

இத்தனையும் கடந்து வந்தாலும், நோய் எதிர்ப்புப் புரதங்கள் மாட்டின் கொடியைத் தாண்டுவதில்லை. மனிதக் குழந்தை அவற்றைத் தாயிடமிருந்து கருவிலேயே பெற்றுவிடுகிறது. கன்று கிட்டத்தட்ட வெறுமையாகப் பிறக்கிறது, அதற்குச் சீம்பால்தான் வழி. அந்தப் புரதங்களை முழுதாக உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் குறைந்து, ஒரு நாளில் அடைபட்டுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது போகவேண்டும், இரண்டு மூன்று தடவையாகக் கொடுங்கள்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: கன்று மடியில் பால் குடித்தால் கருப்பை சுருங்கும், கொடி விழவும் அது உதவும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் கையால் இழுக்காதீர்கள், கனமான எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள்.