என்ஜின் ஓடினால் வயர்லெஸ் செட் ஊளையிடுகிறது: எங்கே தொடங்குவது?

கேள்வி: வேனில் 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட் பொருத்தியிருக்கிறேன். கரண்ட் எடுத்திருப்பது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஸ்பீக்கரில் ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறுகிறது. நான் பேசும்போது எதிர்முனையிலும் அதே சத்தம் கேட்கிறதாம். தூரத்து சிக்னல் வரும்போது கூடவே ‘டிக் டிக்’ சத்தமும் சேர்ந்துகொள்கிறது. நாய்ஸ் ஃபில்டர் ஒன்று வாங்கி பாசிட்டிவ் வயரில் போட்டேன், பெரிய மாற்றம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள். வேகத்தோடு சுருதி ஏறும் ஊளை, ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜினோடு சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) கரண்ட் வயர் வழியாக வருவது. தூரத்து சிக்னலில் மட்டும் கேட்கும் ‘டிக் டிக்’, பெரும்பாலும் ஆண்டெனா வழியாக வருவது. முன்னதற்கான மருந்து பின்னதைத் தொடாது. எந்த வழியில் வருகிறது என்று உறுதி செய்யாமல் ஃபில்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

முதலில் சாக்கெட்டுகளில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்: போன் சார்ஜர், டேஷ் கேமரா, கூடுதலாகப் போட்ட எல்இடி விளக்குகள். மலிவான சார்ஜர்களும் டேஷ் கேமராக்களும் விஎச்எஃப் பட்டையில் கொட்டும் இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா செருகியிருந்தாலே போதும், போன் இணைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து, ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைத்து வைக்கும் திருகு) மூடி வையுங்கள். யாரும் பேசவில்லை, ஸ்பீக்கர் அமைதியாக இருக்க வேண்டும். அப்போதும் ஊளை கேட்டால் அது ஆண்டெனா வழியாக வரவில்லை. ஆண்டெனா கேபிளைக் கழற்றியும் பாருங்கள், சத்தம் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். கேபிள் கழன்றிருக்கும்போது மைக் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். செட்டின் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடலாம். அனுப்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (அனுப்பும் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) மாட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஒரு சோதனை இருக்கிறது, பாதிப் பேர் செய்வதில்லை. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி ஒன்றை எடுத்து, செட்டின் இரண்டு வயரையும் அதில் மட்டும் கொடுங்கள், உரிய ஃப்யூஸோடு. செட்டை பிராக்கெட்டிலிருந்து கழற்றி, காய்ந்த அட்டை மேல் வையுங்கள். அதன் உலோகப் பெட்டி வண்டியின் பாடியைத் தொடக்கூடாது. என்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். ஊளை போய்விட்டதா? இப்போது பெட்டியை பிராக்கெட்டில் மெதுவாகத் தொட வையுங்கள். திரும்பி வந்தால் குற்றவாளி பாசிட்டிவ் வயர் அல்ல, எர்த். உங்கள் ஃபில்டர் தோற்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அது பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் காவல் காக்கிறது, சத்தமோ நெகட்டிவ் பக்கமாக நுழைகிறது.

எர்த்தில் எப்படி சத்தம் வரும் என்று கேட்கலாம். பாடி முழுவதும் ஒரே எர்த் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் பல பத்து ஆம்பியர் கரண்ட், என்ஜின் எர்த் பட்டை, பாடித் தகடு, போல்ட் மூட்டுகள் எல்லாம் கடந்துதான் திரும்புகிறது. அதனால் பாடியின் இரண்டு இடங்களுக்கு நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும், அதில் ஆல்டர்னேட்டரின் அலையும் கலந்திருக்கும். உங்கள் செட்டின் நெகட்டிவ் டேஷ்போர்டில் ஓரிடத்தில், பெட்டி பிராக்கெட்டில் இன்னோரிடத்தில், ஆண்டெனா கேபிளின் வலை கூரையில் மூன்றாவது இடத்தில் எர்த் ஆகிறது. அந்த மில்லிவோல்ட் செட்டுக்குள்ளேயே ஓடி ஆடியோவில் ஏறுகிறது. மைக்கின் சிக்னலும் சில மில்லிவோல்ட்தான். எதிர்முனையில் ஊளை கேட்பதில் ஆச்சரியமில்லை.

எனவே சாக்கெட்டை மறந்துவிட்டு, பாசிட்டிவ் வயரை நேராக பேட்டரி முனைக்கு இழுங்கள். 25 வாட் செட் பேசும்போது 7 ஆம்பியர் வரை இழுக்கும். 5 மீட்டர் தூரம் என்றால் போக, வர 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இது கிட்டத்தட்ட 1.4 வோல்ட்டை விழுங்கும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.35 வோல்ட்டோடு முடியும். 4-ஐயே போடுங்கள், வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃப்யூஸ், செட்டின் கையேடு சொல்லும் அளவில், பேட்டரி முனையிலிருந்து 15 - 20 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஃப்யூஸ் வைத்துவிட்டு, பானட்டுக்குள் வெறும் வயரை ஓட விடுவது தீ விபத்துக்கு வழி. தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம்) அவசியம். இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி, இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் வயர்கள் பக்கம் போகாமல் கொண்டுசெல்லுங்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் வயர்களில் கை வைக்காதீர்கள்.

நெகட்டிவ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. புது வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருக்கும், உள்ளே போகும் வெளியே வரும் கரண்டைக் கணக்கெடுக்க. அதைத் தாண்டி நேராக முனையில் வயரைப் போட்டால் கணக்கு தப்பும், சார்ஜிங் குழம்பும். பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் வந்து இறங்கும் போல்ட் எதுவோ, அதில் போடுங்கள். சென்சார் இல்லாத வண்டியில் முனையிலேயே போடலாம்.

அங்கே போனதோடு என்ஜின் எர்த் பட்டையையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். இழை அறுந்திருந்தால் மாற்றுங்கள். வயர் இழுப்பதும் எர்த்தைச் சுத்தம் செய்வதும் சேர்ந்தாலே ஊளை பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லையா, ஆல்டர்னேட்டரையே சோதியுங்கள். 1500 - 2000 ஆர்பிஎம்மில், விளக்குகள் எரிய, பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளங்கள். 0.1-க்குக் கீழே ஆரோக்கியம், 0.5-ஐத் தாண்டினால் உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோடு ஒன்று போயிருக்கலாம். மலிவு மீட்டர்கள் சில டிசியையும் ஏசி என்று காட்டிவிடும். முள்ளை மாற்றி வைத்து அளந்து, இரண்டு முறையும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். காதும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். 12 துருவ ஆல்டர்னேட்டர் 2400 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, டயோடுகள் நன்றாக இருந்தால் அலை 1440 ஹெர்ட்ஸில் வரும், அதாவது மெல்லிய ஊளை. டயோடு ஒன்று போனால் 240 ஹெர்ட்ஸில் ‘உர்ர்’ என்ற கனத்த உறுமலும் சேரும். உறுமல் கேட்டால் வயர்லெஸ்காரரிடம் அல்ல, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பேட்டரியும் சீக்கிரம் கெடும்.

ஃபில்டருக்கு வேலை இதற்கெல்லாம் பிறகுதான். செட்டுக்கு அருகில், அது இழுக்கும் கரண்டைவிட நன்கு கூடுதலான ஆம்பியர் தாங்கும் சோக்-கண்டென்சர் ஃபில்டராக (கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்தது) இருக்கட்டும். 7 ஆம்பியர் செட்டுக்கு 5 ஆம்பியர் ஃபில்டர் போட்டால் சோக்கின் காந்தக் கரு நிறைவுற்று வேலை செய்யாது, சூடும் ஏறும். வயரில் கவ்வும் ஃபெரைட் கிளிப்பை இந்த ஊளைக்கு யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அது ரேடியோ அலைவரிசையைத் தடுக்கும் சாமான். ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் ஊளை அதைக் கண்டுகொள்ளாது.

இனி ‘டிக் டிக்’. பெட்ரோல் என்ஜின் என்றால் ஸ்பார்க் முதல் சந்தேகம். நான்கு சிலிண்டர் என்ஜின் 800 ஆர்பிஎம்மில் வினாடிக்கு சுமார் 27 முறை பொறி விடும். வேகம் கூடினால் டிக்குகள் நெருங்கி ‘டர்ர்’ ஆகிவிடும். டீசல் என்றால் பொறியே கிடையாது, அப்போது இன்ஜெக்டர் வயர்களைச் சந்தேகியுங்கள். பிளக்குகள் ரெசிஸ்டர் வகையா, அதாவது உள்ளே சுமார் 5 கிலோ ஓம் உள்ளவையா என்று பாருங்கள். பிளக் வயர் தனியாக இருக்கும் வண்டியில், என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வயரையும் மீட்டரில் அளங்கள். கார்பன் வயர் பல ஆயிரம் ஓம் காட்டும்; ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்து, அந்த இடைவெளியில் பொறி தாவுகிறது. இருட்டில் பானட்டைத் திறந்து, கை வைக்காமல் பார்த்தால் நீலக் கசிவு கண்ணிலேயே படும். காயில் நேராக பிளக் மேலேயே இருக்கும் புது என்ஜின்களில் மாற்ற வயர் கிடையாது. எதில் ஆனாலும் காயிலின் சுவிட்ச் ஆகும் முனையிலோ ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு முனையிலோ கண்டென்சர் கட்டாதீர்கள்; எலக்ட்ரானிக் மாடியூல் பலியாகும்.

பிறகு பானட்டைப் பாடியோடு இணைத்துக் கட்டுவது. கீல்களில் கிரீஸும் பெயின்ட்டும் இருப்பதால் பானட் ரேடியோ அலைக்கு எர்த் ஆகாத தகடாக நின்று, கீழிருந்து வரும் இரைச்சலை வெளியே பரப்புகிறது. தகரம் பூசிய செம்புப் பின்னல் பட்டை, 12 முதல் 25 மில்லிமீட்டர் அகலம், முடிந்தவரை குட்டையாக, இரண்டு கீல் பக்கமும் போடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவுங்கள். வட்ட வயர் இங்கே உதவாது. எத்தனை தடிமனாக இருந்தாலும் அந்த அலைவரிசையில் அகலப் பட்டைக்கு ஈடாகாது. ரப்பரில் தொங்கும் சைலன்சர் குழாயையும் இதே போல் ஓரிரு இடத்தில் கட்டலாம்.

ஆண்டெனாவின் அடியில் உள்ள எர்த்துக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். காந்தம் வைத்து ஒட்டும் ஆண்டெனாவில் இந்த எர்த் இல்லை. பானட் ஓரத்திலிருந்து கூரை நடுவுக்கு அதை நகர்த்தினாலே டிக் சத்தம் பாதியாகக் குறைவதுண்டு.

சாவியை ஆன் நிலையில் வைத்ததும், என்ஜின் ஓடும் முன்பே, ஒரே சுருதியில் கேட்பது பெட்ரோல் பம்ப். அதன் வயருக்கு ஃபெரைட் பொருந்தும். விஎச்எஃப்புக்கு 43 அல்லது 31 ரக ஃபெரைட், இரண்டு வயரும் சேர்ந்து அதற்குள் மூன்று சுற்று. ஆனால் டேங்குக்கு வெளியே மட்டும். டேங்க்கைத் திறக்க வேண்டாம். காய்ந்த நாளில் ஓடும்போது மட்டும் கேட்டு, மழையில் மறைந்துபோகும் படபடப்பு டயரின் நிலைமின்சாரம். சோதிக்க நேரான வெற்றுச் சாலையில் நியூட்ரலில் விடுங்கள்; என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் தொடர்ந்தால் அது டயர்தான். ஓடும் வண்டியில் என்ஜினை அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் உதவியும் பிரேக் உதவியும் போய்விடும்.

செட்டில் டிஜிட்டல் சேனலும் இருந்தால் இந்தச் சோதனைகளை அனலாக் சேனலிலேயே செய்யுங்கள். டிஜிட்டலில் ஆண்டெனா வழி வரும் இரைச்சல் காதுக்கு எட்டாது. வார்த்தைகள் அறுந்து விழும், எட்டும் தூரம் குறையும், நீங்கள் ஆண்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.