வீட்டிலேயே பியானோ பழக, குறைந்த செலவில் முதல் கீபோர்டாக எதை வாங்கலாம்?

பெட்டியின் மேல் 400 ஒலிகள், 100 தாளங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததில் மயங்கித்தான் என் முதல் கீபோர்டை வாங்கினேன். எட்டு மாதம் அதில் பழகிய பிறகு, நண்பர் ஒருவர் வீட்டில் நிஜப் பியானோவின் முன் உட்காரும் வாய்ப்பு வந்தது. நான்கு வரி வாசிப்பதற்குள் வியர்த்துவிட்டது. சில கட்டைகள் வாயே திறக்கவில்லை, திறந்தவை கத்தின. சுரம் எதுவும் தப்பவில்லை. தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம் போடும் கருவியில் பழகிய விரலுக்கு அழுத்தம் என்ற ஒன்றே தெரியவில்லை, அவ்வளவுதான்.

பியானோ என்பது பியானோஃபோர்ட்டேயின் சுருக்கம். இத்தாலிய மொழியில் பியானோ என்றால் மெல்ல, ஃபோர்ட்டே என்றால் பலமாக. 1700 வாக்கில் இத்தாலியக் கருவிக் கைவினைஞர் கிறிஸ்டோஃபோரி செய்த இந்தக் கருவியின் புதுமையே அதுதான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு என்ற கட்டைக் கருவியில் எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே என் பதில்: தொடு உணர்வு உள்ள, அதாவது மெல்ல அழுத்தினால் மெல்லவும் பலமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கும், 61 கட்டைக் கீபோர்டு. மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. கேசியோ சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தொடு உணர்வு இருப்பது 300இல் மட்டும். யமஹாவில் பிஎஸ்ஆர்-ஈ273இல் கிடையாது, ஈ373இல் உண்டு. 'கிட்டத்தட்ட அதேதான், விலை மட்டும் குறைவு' என்று யாராவது சொன்னால், அந்தக் கிட்டத்தட்டவில் போவது இதுதான்.

கடையில் பியானோ ஒலியை வைத்து, ஒரே கட்டையை முதலில் மிக மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அழுத்துங்கள். வேகம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே கழியும் நேரத்தை வைத்துத்தான் கருவி ஒலியின் அளவை முடிவு செய்கிறது. வேறுபாடு தெரியாவிட்டால், செட்டிங்கில் யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கையில் ஒரு ஸ்கேல் இருந்தால் நல்லது. அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்து சுமார் 16.5 செ.மீ. இருக்க வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் அது சிறுகட்டைக் கருவி. அதில் பழகிய கை பியானோவுக்குப் போனால் ஒவ்வொரு தாவலிலும் பக்கத்துக் கட்டையில் விழும்.

61 போதுமா என்பீர்கள். பியானோவில் 88 உண்டுதான், ஆனால் ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள நான்கு ஆக்டேவுக்குள் (ஏழு வெள்ளைக் கட்டையும் இடையிலுள்ள கருப்பும் சேர்ந்தது ஓர் ஆக்டேவ்) அடங்கிவிடும். விடாமல் படிப்பேன் என்ற உறுதியும் இன்னும் சேமிக்கப் பொறுமையும் இருந்தால், யமஹா பி-45 போல நிஜப் பியானோவைப் போல அழுத்தக் கனமாக இருக்கும் 88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்கே போய்விடலாம். அதில் தாளம், விளக்கு, வேடிக்கை எதுவும் அதிகம் இருக்காது. அதுவும் நன்மைக்கே.

மிதித்தால் ஒலியை நீட்டும் பெடல் செருக துளை இருக்கிறதா என்று பாருங்கள். பெடலைத் தனியாக வாங்கும்போது ஒரு சங்கதி: எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி இணைப்பு தருவதில்லை. எனக்கு வாய்த்தது தலைகீழாக வேலை செய்தது; காலை எடுத்தால் ஒலி நீண்டது, மிதித்தால் அறுந்தது. பெடல் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கட்டியே வைத்துவிட்டேன். கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, அதன்மேல் கால் வைக்காமல் மறுபடி ஆன் செய்தபோது சரியாகிவிட்டது. பல கருவிகள் ஆன் ஆகும் நொடியில்தான் பெடல் எந்த வகை என்று கண்டுகொள்கின்றன.

பழைய கருவி வாங்குவதிலும் தவறில்லை. இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, கருப்பையும் விடாமல், ஒரே வேகத்தில் அழுத்திக்கொண்டே போங்கள். நடுவே ஒன்று மட்டும் திடீரென அலறினால் அதன் அடியிலுள்ள ரப்பர் தொடுமுனை தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கும். விற்பவர் முகம் சுளித்தாலும் 61ஐயும் அழுத்திப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.