பால்மாப் பேணிக்குள் ஆறு இலட்சம்

கேள்வி: எனக்கு வயது 57. திருகோணமலை நகரில் ஒரு தனியார் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். சம்பளம் 110,000 ரூபாய். உப்புவெளியில் சொந்த வீடு. வேலைக்குப் பழைய சைக்கிளில்தான் போகிறேன். கையில் காசில்லாத மனுசன் என்றுதான் ஊர் நினைக்கிறது, அது எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலையான வைப்பில் 92 இலட்சம் இருக்கிறது (அதில் 30 இலட்சம் ஒரு நிதிக் கம்பனியில்). ஊழியர் சேமலாப நிதியும் (ஈ.பி.எப்.) நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் (ஈ.டி.எப்.) சேர்ந்து 53 இலட்சம். 22 பவுன் நகை, நிலாவெளியில் 40 பேர்ச் காணி, வீட்டில் பால்மாப் பேணிக்குள் 6 இலட்சம். எல்லாம் என் பெயரில். மனைவிக்கு வயது 53, முழுக் கணக்கு அவருக்கும் தெரியாது, தெரிந்தால் கை தளர்ந்துவிடும் என்ற பயம். மகன் கொழும்பில் வேலை, மகள் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறாள். மாதச் செலவு 68,000. முழங்கால் நோகிறது. இப்போதே வேலையை விட்டால் காணுமா? தெரிந்தவர் ஒருவர் மாதம் 4 வீதம் வட்டி தரும் இடம் இருக்கிறது என்கிறார். போடலாமா? – பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்: வேண்டாம். மாதம் 4 வீதம் என்றால் வருடத்துக்கு 48 வீதம். வங்கிகள் அதன் சிறு பங்கைத்தான் கொடுக்கின்றன. நேர்மையான எந்த வியாபாரமும் அந்த வட்டியைக் கட்டித் தாக்குப்பிடிக்காது. முதல் சில மாதம் ஒழுங்காக வரும், ஏனென்றால் உங்களுக்குப் பின்னால் போட்டவரின் முதல்தான் உங்களுக்கு வட்டியாக வருகிறது. மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் இல்லாத எவரும் பொதுமக்களிடம் வைப்பு வாங்க முடியாது. அந்தப் பட்டியலை முதலில் பாருங்கள், ஆளின் முகத்தைப் பிறகு பார்க்கலாம்.

இனி, காணுமா என்ற கேள்வி. நீங்கள் எழுதிய 68,000 மாதச் சாமான், மின்சாரம், மருந்து, மகளின் செலவு என்று மாதாமாதம் போவதுதான் என்று நினைக்கிறோம். சிக்கனமாக வாழ்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். வருடத்தில் ஒருமுறை வருவது அவர்களுடைய கணக்கில் ஏறுவதில்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு, அந்தியேட்டி, தண்ணீர்ப் பம்பி மோட்டார் எரிந்தது, கொழும்பில் மகனைப் பார்க்கப் போய்வந்தது, இவற்றையெல்லாம் பன்னிரண்டால் பிரித்துப் போட்டுப் பாருங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நீங்கள் அளக்காமல் போடுவது இந்தப் பகுதியைத்தான். ஒரு வருடம் எழுதிப் பார்க்கும்வரை மாதம் 80,000, அதாவது வருடம் 9.6 இலட்சம் என்று எடுத்துக்கொள்வோம்.

வைப்பும் நிதிகளும் சேர்த்து 145 இலட்சம். அதில் 10 இலட்சத்தை வைத்தியத்துக்கென்று ஒதுக்கினால் மிச்சம் 135. வட்டி 8 வீதம் என்றும், விலைவாசி வருடம் 5 வீதம் ஏறும் என்றும் வைப்போம் (அந்த 5 மத்திய வங்கியின் இலக்கு). அப்படியானால் உண்மையில் உங்கள் பணம் வளர்வது 3 வீதம்தான். இன்றே வேலையை விட்டால் இந்தப் பணம் பதினெட்டரை வருடம் தாங்கும். உங்களுக்கு 75, 76 வயது ஆகும்போது தீரும். அப்போது மனைவிக்கு 71, 72.

60 வயதில் விட்டால் கதை வேறு. இந்த மூன்று வருடமும் 28.8 இலட்சத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சேமலாப நிதிக்கு நீங்கள் 8, கம்பனி 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3 என்று சம்பளத்தில் 23 வீதம் தொடர்ந்து சேரும், மூன்று வருடத்துக்கு அது சுமார் 9 இலட்சம். சம்பளத்தில் மிஞ்சுவது இன்னும் ஏழரை இலட்சம். ஆக, மூன்று வருட வேலையின் பெறுமதி 45 இலட்சம். பணம் உங்களுடைய 84 வயதுவரை வரும். முழங்கால் தாங்குமென்றால் 60 வரை இருங்கள். இல்லையென்றால், ஏணி ஏறாத வேலை, நேரம் குறைந்த வேலை என்று கம்பனியோடு பேசிப் பாருங்கள். தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயது 60 என்று 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் வந்தபோது 52 வயதை எட்டியிருந்தவர்களுக்கு எல்லை அதைவிடச் சற்றுக் குறைவு, உங்களுக்கு எது என்று தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். அந்த வயதுக்கு முன்னர் வயதைக் காட்டி உங்களைப் போகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த 3 வீத இடைவெளியை நம்பி நித்திரை கொள்ளாதீர்கள். வட்டியும் விலைவாசியும் சமமாக ஓடினால், 60இல் விட்டாலும் பணம் 76 வயதுக்கு முன்னரே தீரும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஒரே வருடத்தில் 69.8 வீதம் ஏறியது. வைப்பில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த வருடம் ஏழைகளானார்கள், புத்தகத்தில் எண் மட்டும் மாறவில்லை. வட்டி முழுவதையும் செலவழித்தால் முதல் அப்படியே இருக்கிறது என்று நினைப்பது இதனால்தான் பிழை. இன்றைய 80,000 ரூபாய் வாழ்க்கைக்கு, விலை 5 வீதமே ஏறினாலும், பத்து வருடத்தில் ஏறத்தாழ 130,000 வேண்டும்.

பணம் இருக்கும் இடங்களைப் பார்ப்போம். வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம்வரைதான் பொறுப்பேற்கிறது. அந்த நிதிக் கம்பனியில் உள்ள 30 இலட்சத்தில் 19 இலட்சம் வெறும் நம்பிக்கையில் நிற்கிறது. ஒன்றிரண்டு வீத மேலதிக வட்டிக்கு அது மிகப் பெரிய துணிவு, உங்கள் சைக்கிளோடு பொருந்தாத துணிவு. தவணை முடியும் நாளில் எடுங்கள், இடையில் முறித்தால் வட்டி குறையும். தானாகப் புதுப்பிக்கும்படி போட்டிருந்தால் முதிர்வுக்கு முன்பே எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு வருடம் பூட்டிக்கொள்ளும். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது, அங்கே பெரும் பங்கை வைக்கலாம். மொத்தத்தை ஆறாகப் பிரித்து, இரண்டு மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். ஒன்றை உடைக்க வேண்டி வந்தாலும் மற்ற ஐந்தும் அசையாது. வட்டி வீதம் ஏறினாலும் இறங்கினாலும் முழுவதும் ஒரே நாளில் மாட்டாது.

வரியில் நீங்கள் தெரியாமல் இழந்துகொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகம். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரியாக வெட்டுகிறார்கள். தனிநபர் வரி விலக்கு வருடம் 18 இலட்சம். உங்கள் சம்பளம் 13.2, வட்டி 8 வீதம் என்றால் 7.36, கூட்டினால் 20.56 இலட்சம். விலக்குக்கு மேலே நிற்பது 2.56 இலட்சம்தான், அதற்கு 6 வீதப்படி வரி 15,360 ரூபாய். வெட்டப்படுவதோ 73,600. வரி அடையாள இலக்கம் எடுத்து வருடாந்த விபரத்திரட்டு அனுப்பினால் மிச்ச 58,240 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். ஓய்வுக்குப் பின் வட்டி மட்டும்தான் வருமானம், 18 இலட்சத்தைத் தொடாது. அப்போது ஒவ்வொரு வங்கியிலும் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வெட்டவே மாட்டார்கள். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, படிவத்தையும் அந்த நேரத்தில் கொடுத்துவிடுங்கள். வைப்பில் பாதியை மனைவியின் பெயருக்கு மாற்றினால் அவருக்கும் தனியாக 18 இலட்ச விலக்கு உண்டு.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலிருந்து கேட்டுப் பெறலாம். அவசரம் இல்லாவிட்டால் அங்கேயே இருக்கட்டும், வட்டி சேர்கிறது. ஆனால் கணக்குக் கூற்றை இப்போதே எடுத்துச் சம்பளச் சிட்டைகளோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். பணம் கேட்கும் நாளில் இழுபறிப்படுவது இரண்டு காரணத்தால்: அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்தும் நிதியில் வேறு முதலெழுத்தும் இருப்பது, அல்லது கம்பனி சில மாதம் கட்டாமல் விட்டிருப்பது. இரண்டையும் வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுகம். கம்பனி கைமாறிய பிறகு பழைய புத்தகங்களைத் தேடி அலைய வேண்டி வரும்.

பேணிக்கு வருவோம். ஐயாயிரம் ரூபாய்த் தாளில் 120 தாள், ஒரு கைப்பிடி. கடற்காற்றில் பேணி ஓரத்தில் துரு பிடிக்கும், துருவும் ஈரமும் தாளில் இறங்கும், ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்கும்போது மூலை கிழியும். அதைவிடப் பெரிய ஆபத்து அரசாங்கத்திடமிருந்தும் வரலாம்: 1970இல் 50, 100 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, பெட்டியில் பதுக்கியவர்கள் பட்ட பாடு உங்கள் அப்பா காலத்தவர்களுக்குத் தெரியும். 2004 சுனாமியையும் 2006 மூதூர், சம்பூர் இடப்பெயர்வையும் கண்ட ஊர் நம்முடையது. கையில் கொஞ்சம் வேண்டும் என்ற பயம் நியாயமானதுதான். ஒரு இலட்சம் வைத்திருங்கள். 5 இலட்சத்தை வங்கியில் போட்டு, மேலே சொன்ன 10உடன் சேர்த்து 15 இலட்ச வைத்திய நிதி ஆக்குங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பயந்து நாளுக்கு ஒரு இலட்சமாக ஐந்து நாளில் போடாதீர்கள், அப்படிப் போடுவதுதான் கண்ணில் குத்தும். 10 இலட்சமும் அதற்கு மேலுமான காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி எப்படியும் அறிக்கையிடும், நீங்கள் அதற்குக் கீழேதான்.

நகை அவசரகாலக் கையிருப்பு, ஓய்வூதியம் அல்ல. 22 பவுன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு பவுன் 8 கிராம். கல்லும் பற்றாசும் கழித்து, விற்கும்போது எத்தனை பவுனுக்குக் காசு வரும் என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், செய்கூலி எப்படியும் திரும்பாது. மனைவியின் சீதன நகை அதில் இருந்தால் அது அவருடையது, உங்கள் பட்டியலில் வராது. மிச்சத்தை வங்கி லொக்கரில் வையுங்கள்.

காணி பற்றி எழுதும்போது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்று நீங்கள் சொல்லவில்லை. அதுதான் முக்கியம். உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, உங்கள் பெயருக்குப் பிறகு வேறு எதுவும் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நில அளவைப் படத்தோடு எல்லைக் கல்லை ஒத்துப் பாருங்கள், வேலி அடையுங்கள். வேறொருவர் உங்களை மதிக்காமல் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். பெர்மிட் என்றால் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி விற்க முடியாது, பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பிறகு காணி யாருக்குப் போகும் என்ற இடத்தில், யாருடைய பெயர் இருக்கிறது என்பதை இந்த மாதமே பாருங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வந்தால் கட்டடத்துக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், வாங்க வருபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். மருந்து வாங்க அரைப் பேர்ச் விற்க முடியாது என்பதால் காணியை மாதக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிக்கனத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. பிற்போட்ட திருத்த வேலைகள் எல்லாம் சம்பளம் நின்ற பிறகு ஒன்றாக வந்து நிற்கும். கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்குமுன் கூரையில் ஏறிப் பாருங்கள் (முழங்கால் விடாது, ஒரு ஆளை ஏற்றுங்கள்): உடைந்த ஓடு, உக்கிய சிலாகை, பீலியில் அடைந்த சருகு. கண்ணில் புரை இருக்கிறதா, பல் எப்படி என்பதும் அதே பட்டியலில்தான். இவற்றை இந்த மூன்று வருடத்தில் சம்பளத்திலிருந்து முடியுங்கள்.

ஊருக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. கடன் கேட்பவர்களும் பிணைக்குக் கையெழுத்துக் கேட்பவர்களும் குறைவார்கள். பிணை வைத்தால் கடன்காரர் கட்டாத முழுத் தொகைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மனைவிக்குத் தெரியாமல் இருப்பது வேறு விடயம். நீங்கள் நாளைக்கு இல்லையென்றால் அவருக்குப் பால்மாப் பேணி மட்டும்தான் தெரியும், அதுவும் சில வேளை. எவரும் தொடாத வைப்பு பத்து வருடத்தில் கைவிடப்பட்ட சொத்தாகி மத்திய வங்கிக்குப் போகும், உரிமையாளர்கள் பிறகு கோரலாம், ஆனால் இருப்பதே தெரியாதவர் எப்படிக் கோருவார்? பெயர் குறித்தவர் (உங்களுக்குப் பிறகு பணத்தைப் பெற நீங்கள் குறித்துவைத்த ஆள்) இல்லாத கணக்கென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு வேண்டி வரலாம், அதற்குள் மகளின் படிப்பே முடிந்துவிடும். மரணசாசனம் (உயில்) இல்லையென்றால் பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வைத்து எழுதலாம், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

கை தளரும் என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. மொத்தத்தைச் சொல்லும்போதே வருடம் 9.6 இலட்சம், 84 வயது என்ற கணக்கையும் அவர் முன்னால் வைத்துப் போடுங்கள். இத்தனை வருடம் 68,000 ரூபாயில் வீட்டை ஓட்டியவர் அவர்தான், அந்தக் கணக்கை உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். ஒரு கொப்பியில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்: வங்கி, கிளை, கணக்கு இலக்கம், முதிர்வுத் திகதி, பெயர் குறித்தவர், சான்றிதழ் வீட்டில் எங்கே இருக்கிறது. ஏ.டி.எம். இரகசிய இலக்கத்தை அதில் எழுத வேண்டாம். பிறகு ஒரு நாள் இருவரும் அடையாள அட்டைகளோடு வங்கிக்குப் போங்கள், கணக்குகளை இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் எடுக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், மாற்ற முடியாதவற்றுக்குப் பெயர் குறித்தல் படிவம் நிரப்புங்கள். முதலில் அந்த நிதிக் கம்பனிக்குப் போங்கள், முதிர்வுத் திகதி அங்கேதான் முந்தி வரக்கூடும்.