மர்ஃபிகள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். மாதம் ஒரு தகவல் பலகை வைப்பது வழக்கம். அடுத்த மாதத்துக்கு ‘ஒரே குடும்பப்பெயர், பல சாதனையாளர்கள்’ என்று தலைப்பு போட்டு, மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெயரை எடுத்திருக்கிறேன். பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். இவர்கள் எல்லோரும் அயர்லாந்துக்காரர்களா? ஒருவருக்கொருவர் உறவா? சில இடங்களில் பெயருக்கு முன்னால் ‘ஓ’, ‘மாக்’ என்று வருகிறதே, அது என்ன? அட்டைகளை எந்த வரிசையில் ஒட்டுவது? மர்பியா, மர்ஃபியா?

பதில்: உறவு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் அப்பா பெயர் முருகேசன் என்று இருக்கும் பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களை அண்ணன் தம்பி என்று யாரும் நினைப்பதில்லை. மர்ஃபியும் அடிப்படையில் அப்படிப்பட்ட பெயர்தான். ஓர் ஆளின் சொந்தப் பெயராக இருந்து, பிறகு வம்சத்தின் பெயராக உறைந்துபோனது. ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு ஆட்களிடமிருந்து, வெவ்வேறு ஊர்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் உறைந்தது.

அந்தச் சொந்தப் பெயர் ஐரிஷ் மொழியில் ஏறக்குறைய ‘முரஹா’ என்று ஒலிக்கும். கடல் என்ற சொல்லும் போர் என்ற சொல்லும் சேர்ந்தது. கடற்போர் வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அயர்லாந்தில் பல அரசர்களுக்கும் குறுநிலத் தலைவர்களுக்கும் இருந்த பெயர். முன்னால் வரும் ‘ஓ’வுக்கு முதற்பொருள் பேரன், பிறகு வழித்தோன்றல் என்று விரிந்தது. ‘மாக்’ என்றால் மகன். நம் ஊரில் தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் பெயரன், பேரன் ஆனான். அங்கே ஒரு தாத்தாவின் பெயரைப் பேரன் சுமந்தான், அவன் பேரனும் சுமந்தான், அப்படியே நின்றுவிட்டது. இது பரவலாக நடந்தது பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில். இங்கே தஞ்சையில் ராஜராஜன் ஆண்ட காலம். அன்றைக்கு ஒருவர் போட்ட இனிஷியலை இன்றுவரை மாற்றாமல் எழுதிவருவதாக நினைத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

அயர்லாந்தின் தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்டு ஒரு பெரிய மையம். தெற்கே கார்க் மாவட்டத்தில் இன்னொரு பெருங்கூட்டம். வடக்கே டைரோன் பக்கத்தில் இருந்தவர்கள் ‘ஓ’ அல்ல, ‘மாக்’ போட்டவர்கள். அவர்களும் ஆங்கிலத்தில் மர்ஃபி ஆனார்கள். ஆங்கில ஆட்சி இறுகிய பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பலரும் முன்னொட்டை உதறிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழிப்பற்று வளர்ந்தபோது ஓகானர், ஓசல்லிவன் எல்லாம் தங்கள் ‘ஓ’வைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மர்ஃபிகள் ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐரிஷ் மொழியில் எழுதும்போது மட்டும் அது உயிரோடு இருக்கிறது: ஆணுக்கு ‘ஓ முரஹூ’. அதே வீட்டு மகளுக்கு ‘நீ வுரஹூ’. மணமாகி வந்த மருமகளுக்கு ‘ஈ வுரஹூ’. ஒரே வீட்டில் மூன்று வடிவம். முதலெழுத்து மகரத்திலிருந்து வகரமாகத் திரிவது அம்மொழியின் இலக்கணம். புணர்ச்சி விதி படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. ஆனால் நூலகர்களுக்குத் தலைவலி. ‘நீ வுரஹூ’ என்று ஒரு பெயர் கண்ணில் பட்டால் அதுவும் மர்ஃபிதான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கை கேட்பீர்கள். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து மேதசன் என்ற அதிகாரி அயர்லாந்துக் குடும்பப்பெயர்களைக் கணக்கிட்டார். முதலிடம் மர்ஃபிக்கு, அவர் மதிப்பில் சுமார் 62,600 பேர். இன்றும் அந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப்பெயர் அதுதான்.

இப்போது உங்கள் பதினான்கு பேருக்கு வருவோம். நான் கலைக்களஞ்சிய வேலையில் சேர்ந்த புதிதில் ஃபிராங்க் மர்ஃபி என்ற பதிவுக்கு ஒரு படம் தேடி எடுத்து, அச்சுக்குப் போகும் கட்டில் சேர்த்துவிட்டேன். எழுதியிருந்தது வானொலிப் பெட்டி செய்தவரைப் பற்றி. ஒட்டியிருந்தது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியின் முகம். பிழை திருத்துபவர் பிடித்ததால் தப்பித்தேன். இருவரும் ஏறக்குறைய சமவயதினர், இருவருக்கும் கோட்டும் டையும், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை! உங்கள் பட்டியலிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி டெட்ராய்ட் நகர மேயராக இருந்தவர், பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கா அனுப்பிய கடைசி கவர்னர் ஜெனரல், மிச்சிகன் கவர்னர், 1940 முதல் 1949-இல் இறக்கும்வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது செல்லும் என்று 1944-இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, இது இனவெறி என்று பெயர் சொல்லியே மறுத்து எழுதியவர். இன்னொரு ஃபிராங்க் மர்ஃபி இங்கிலாந்துக்காரர். 1929-இல் வெல்வின் கார்டன் சிட்டியில் ஈ. ஜே. பவருடன் சேர்ந்து மர்ஃபி ரேடியோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் அதைவிட்டு விலகியும்விட்டார். நம் வீடுகளில் உதட்டில் விரல் வைத்த குழந்தைப் படத்தோடு வந்த மர்பி ரேடியோவுக்கு அவர் பெயர்தான் மூலம்.

ரயன் மர்ஃபியும் இருவர் உண்டு. ஒருவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர். மற்றவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நீச்சல் வீரர். இதைவிடக் கஷ்டமானது 1798 வெக்ஸ்ஃபோர்டு கிளர்ச்சி. ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்த அந்தக் கிளர்ச்சியில், ஒரே மாவட்டத்தில், இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்கள், இருவரும் ஃபாதர் மர்ஃபி. பூலவோக் ஊரில் மே மாத இறுதியில் கிளர்ச்சியைத் தொடங்கிவைத்து, ஜூலை 2 அன்று டல்லோ ஊர்ச் சந்தை சதுக்கத்தில் கொல்லப்பட்டவர் ஜான். ஜூன் 9 அன்று ஆர்க்லோ சண்டையில் விழுந்தவர் மைக்கேல். ஆகவே அட்டையில் ‘ஃபாதர் மர்ஃபி’ என்று மட்டும் போடாதீர்கள். பெயர், ஊர், ஆண்டு, செய்த வேலை நான்கும் சேர்ந்தால்தான் அது ஓர் ஆளைக் குறிக்கும்.

இந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லோரும் புரட்சிக்காரர்கள் என்ற எண்ணமும் வரவேண்டாம். மேற்குக் கார்க்கில் பிறந்து டப்ளினில் டிராம் கம்பெனியும் செய்தித்தாளும் நடத்திய வில்லியம் மார்ட்டின் மர்ஃபி, 1913-இல் தொழிற்சங்கத்தை ஒடுக்க முதலாளிகளைத் திரட்டிக் கதவடைப்பு நடத்தியவர். சுமார் 20,000 தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலையிழந்தார்கள். ஃபாதர் ஜானுக்குப் பக்கத்திலேயே இவர் அட்டையையும் ஒட்டுங்கள்.

எல்லோரும் அயர்லாந்துக்காரர்களா என்ற கேள்விதான் உங்கள் பலகையின் உண்மையான சிக்கல். ஐசக் மர்ஃபி உங்கள் பட்டியலில் இருக்கிறாரா தெரியவில்லை. இல்லையென்றால் யாரையாவது எடுத்துவிட்டு இவரைச் சேர்க்கலாம். 1861-இல் கென்டக்கியில் பிறந்த கறுப்பினக் குதிரைப் பந்தய வீரர். பிறப்புப் பெயர் ஐசக் பர்ன்ஸ். பந்தயம் ஓட்டத் தொடங்கியபின், அம்மாவின் விருப்பப்படி தாய்வழித் தாத்தா கிரீன் மர்ஃபியின் பெயரை எடுத்துக்கொண்டார். கென்டக்கி டெர்பியை 1884, 1890, 1891 என மூன்று முறை வென்றார். மூன்று முறை வென்ற முதல் ஆள் அவர். தான் ஓட்டியவற்றில் 44 சதவீதம் வென்றதாக அவர் கணக்கு. பிற்காலத்தில் பழைய பதிவுகளைத் தேடிக் கணக்கிட்டவர்களுக்கு 34 சதவீதம்தான் வந்தது. அதுவே அசாதாரணம். 34-ஐப் போடுங்கள். 1896-இல், முப்பத்தைந்து வயதில் இறந்தார்.

அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலத்தில், அடிமைப்பட்டவர்களுக்குச் சட்டம் ஒப்பிய குடும்பப்பெயர் கிடையாது. விடுதலைக்குப் பிறகு சிலர் பழைய எஜமானின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாமே ஒன்றைத் தேர்ந்தார்கள், சிலருக்கு எழுத்தர்கள் எழுதியதே பெயராயிற்று. ஐரிஷ், ஸ்காட்டிஷ் பெயர்கள் கறுப்பினக் குடும்பங்களுக்கு வந்த வழிகள் இப்படிப் பல. எனவே நகைச்சுவை நடிகர் எடி மர்ஃபியின் அட்டையில் ‘அயர்லாந்து வம்சாவளி’ என்று எழுதிவிடாதீர்கள். 1961-இல் புரூக்ளினில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று எழுதினால் போதும். நடிகை பிரிட்டனி மர்ஃபி விஷயம் வேறு: அவர் பிறந்தபோது பெர்டொலொட்டி, மர்ஃபி அம்மாவின் பெயர்.

இதற்கு நேர் எதிரான ஆள் ஒருவர் இருக்கிறார், சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பால் மோர்ஃபி. 1837-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, 1858-இல் பாரிஸில் ஜெர்மனியின் முன்னணி ஆட்டக்காரர் ஆண்டர்சனைத் தோற்கடித்து, அன்றைய உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக மதிக்கப்பட்டவர். இவருடைய தந்தைவழி அயர்லாந்திலிருந்து ஸ்பெயினுக்குப் போன குடும்பம். அங்கே மர்ஃபி மோர்ஃபி ஆகி, அந்த எழுத்தோடு அமெரிக்கா வந்தது. ஆக, மர்ஃபி என்று எழுதிய ஐசக்கின் பெயர் எந்த வழியில் வந்தது என்று துருவ வேண்டியிருக்கிறது; மர்ஃபி என்று எழுதாத பாலின் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. இந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலகைக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

மற்றவர்களைச் சுருக்கமாக: இரத்தச்சோகையின் ஒரு கொடிய வகைக்குக் கல்லீரல் உணவு மருந்தாகும் என்று காட்டி 1934-இல் நோபல் பரிசு பகிர்ந்த வில்லியம் பி. மர்ஃபி, விஸ்கான்சின்காரர். இரண்டாம் உலகப்போர் வீரரும் பின்னாளில் நடிகருமான ஆடி மர்ஃபி, டெக்சஸ். படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்னதால் பிறந்த ஆண்டு சில இடங்களில் 1924 என்றும் சில இடங்களில் 1925 என்றும் இருக்கும், குழம்பாதீர்கள். ‘தப்பு நடக்க வழியிருந்தால் தப்பு நடந்தே தீரும்’ என்ற மர்ஃபி விதிக்குப் பெயர் கொடுத்தவர் எட்வர்ட் மர்ஃபி, அமெரிக்க விமானப்படைப் பொறியாளர். 1949-இல் கலிஃபோர்னியாவில் ராக்கெட் வண்டிச் சோதனை ஒன்றில் உணர்கருவிகளை யாரோ தலைகீழாக இணைத்துவிட, அளவு எதுவும் பதிவாகவில்லை. அந்த எரிச்சலில் அவர் சொன்னது சக ஆய்வாளர்கள் வாயில் விதியாகிவிட்டது. ரேடியோக்காரரோடு இவருக்குச் சம்பந்தமில்லை.

அயர்லாந்து மண்ணிலிருந்து ஒருவரைத்தான் பெரிய அட்டையில் போட இடமிருக்கிறது என்றால், நான் டெர்வ்லா மர்ஃபியைத்தான் சொல்வேன். ஆஸ்கார் வாங்கிய கார்க்காரர் கிலியன் மர்ஃபியைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். (சிலியன் அல்ல, கிலியன். ஐரிஷ் மொழியில் அந்த எழுத்துக்கு எப்போதும் ககர ஒலிதான்.) டெர்வ்லா 1931-இல் வாட்டர்ஃபோர்டு மாவட்டம் லிஸ்மோரில் பிறந்தவர். அப்பா உங்களைப் போல நூலகர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு நிலப்பட நூலும் பரிசாக வந்தன. சைக்கிளிலேயே இந்தியா போவது என்று அப்போதே முடிவெடுத்தார். மூட்டுவாதத்தில் முடங்கிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். அம்மா இறந்தபின், 1963 ஜனவரியில், ஐரோப்பா உறைந்துகிடந்த குளிர்காலத்தில், ரோஸ் என்று பெயரிட்ட சைக்கிளில் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஜூலையில் டெல்லி வந்துசேர்ந்தார். பத்தாண்டு கழித்து, ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு தென்னிந்தியா வந்து குடகில் தங்கினார். 2022-இல் இறக்கும்போதும் லிஸ்மோர்தான் அவர் ஊர்.

எழுத்துக்கூட்டு: ‘மர்ஃபி’ என்று ஒரே மாதிரி எழுதுங்கள். ரேடியோ விளம்பரத்தில் ‘மர்பி’ என்று பழகியது வணிகப்பெயர். அந்த அட்டையில் மட்டும் பழைய வடிவத்தைத் தலைப்பாகப் போடலாம்.

வரிசைக்கு அகரவரிசை வேண்டாம். எல்லோரும் ‘ம’வில் குவிவார்கள், பிறகு முதற்பெயரால் பிரிக்க வேண்டிவரும், அதில் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு பெரிய உலக வரைபடத்தை நடுவில் ஒட்டி, ஒவ்வொரு அட்டையிலிருந்தும் அவர் பிறந்த ஊருக்கு நூல் கட்டுங்கள். கார்க்கிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் இருந்து நேராகப் போவது பச்சை நூல். ஐசக், எடி போன்றவர்களுக்கு வேறு நிறம். பால் மோர்ஃபியின் நூல் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு போகட்டும்.

ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது ஒரு மர்பி ரேடியோ கிடக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பலகைக்குக் கீழே ஒரு மேசையில் வைத்து, ‘ஃபிராங்க் மர்ஃபி, வெல்வின் கார்டன் சிட்டி, 1929’ என்று அட்டை ஒட்டுங்கள். நீதிபதியின் படத்தை ஒட்டிவிடாதீர்கள்.