ஆயில் பெயின்டிங்: இருளும் தங்கமும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அந்தி நேரத்துச் சோகத்தைக் கொண்டுவர, பின்னணி முழுவதையும் கரும்பழுப்பில் தீட்டினேன். ஈரத்தில் ஆழமாகத் தெரிந்த இருள், காய்ந்ததும் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்துவிட்டது. வண்ணம் மட்டமா?

பதில்: வண்ணத்தின்மேல் பழி போடாதீர்கள். அதிலிருந்த எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிவிட்டது. எண்ணெய் வற்றிய பரப்பு ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் கறுப்பு வெளிறித் தெரிகிறது. அம்பர் (umber) எனும் பழுப்பு மண் வண்ண வகைகளில் இது அதிகம். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் கூடினாலும் நடக்கும், ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) அதிகம் உறிஞ்சினாலும் நடக்கும்.

மங்கிய இடத்தில் ஒரு துளி எண்ணெய் தொட்டுப் பாருங்கள். பழைய ஆழம் உடனே திரும்பினால் காரணம் இதுதான். அடுக்கு நன்றாகக் காய்ந்தபின், ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, நூல் உதிராத துணியால் மங்கிய இடங்களில் மட்டும் மெல்லத் தடவுங்கள். சில நிமிடம் விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை; தேங்கிய எண்ணெய் பிசுபிசுத்து, நாளடைவில் மஞ்சளாகிவிடும். அதன்மேல் அடுத்த அடுக்கைத் தீட்டலாம். படம் முடிந்துவிட்டதென்றால் எண்ணெய் வேண்டாம், ரீடச் வார்னிஷ் எனும் மெல்லிய தற்காலிகப் பூச்சு போதும். வழக்கமான இறுதி வார்னிஷுக்கு 6 முதல் 12 மாதம் பொறுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: பழைய சமயச் சித்திரங்களின் பாணியில் தலைக்குப் பின்னால் தங்க ஒளிவட்டம் வைத்தேன். தங்கத்தாள் சுருங்கிவிட்டது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் பசையில்தான். தங்கத்தாளை ஒட்டும் எண்ணெய்ப் பசையான ஆயில் சைஸைக் கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கும். தாளும் அதோடு சேர்ந்து சுருங்கும். தட்டைத் தூரிகையால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிதாக இழுங்கள். விரல் முட்டியால் தொட்டு எடுக்கும்போது லேசாகப் பிடித்து, விரலில் எதுவும் ஒட்டாமல் வந்தால், அதுதான் தாள் வைக்கும் பதம். சுமார் 3 மணி நேரத்தில் பதத்துக்கு வரும் வகையில் இந்தப் பதம் சீக்கிரம் கடந்துவிடும். பெரிய வட்டத்துக்கு 12 மணி நேர வகைதான் நல்லது.

ஈரம் முழுதும் போகாத ஆயில் பெயின்ட்மேல் தாள் வைத்தால், வேண்டாத இடத்திலும் ஒட்டும். வட்டத்தின் இடத்தை முதலிலேயே ஒதுக்கி, ஜெஸ்ஸோமேல் செங்காவி நிறம் பூசித் தங்கத்தை முடித்துவிட்டு, பிறகு சுற்றிலும் தீட்டுங்கள். பித்தளைத் தாளென்றால் ஷெல்லாக் (அரக்கு) பூச்சு கட்டாயம், இல்லையேல் கறுத்துவிடும்.

கேள்வி: கண்ணாடி, பறவை, அணைந்த விளக்கு, சாவி என நான்கு குறியீடுகள் வைத்தும் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லையே?

பதில்: நான்கு வைத்ததால்தான். மூன்றை அழித்துவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டையோட்டையும் அணைந்த மெழுகுவத்தியையும் ஒரே படத்தில் வைத்தார்கள் என்றால், அவற்றின் பொருள் அன்றைய பார்வையாளருக்கு முன்பே பழக்கம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. மிஞ்சும் விளக்கின் விளிம்பில் மட்டும் படத்தின் மிகக் கூர்மையான கோட்டை வையுங்கள்; மற்ற விளிம்புகளை ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் தேய்த்து மழுக்குங்கள்.