ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கிறிஸ்தவர்களான பிறகு அவர்களுடைய பழைய சமயம் மறைந்துவிட்டதா?

மறைந்துவிடவில்லை. "இரண்டும் கலந்துவிட்டன" என்று பலர் சொல்லும் பதிலும் போதாது. ஓரிடத்தில் முன்னோர் முறையும் சுவிசேஷமும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன, இன்னோரிடத்தில் ஒன்று மற்றதை வெளியே தள்ளியது. எங்கே எது நடந்தது என்பதற்கு மிஷனரி நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதைவிட, அப்போது நிலம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

முதலில் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பூர்வகுடியினரில் 54 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் என்றும் 36 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றும் பதிவாகியுள்ளது. பாரம்பரிய நம்பிக்கை என்று எழுதியவர்கள் 2 விழுக்காடுகூட இல்லை. இதைப் பார்த்துப் பழையது அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. படிவத்தில் ஒரு சமயத்துக்குத்தான் இடம். 'லுத்தரன்' (ஒரு கிறிஸ்தவ சபைப் பிரிவு) என்று குறித்தவர் தன் முன்னோர் முறையை அங்கே சேர்த்து எழுத முடியாது. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் தோன்றாது, ஏனென்றால் அது அவருக்கு 'மதம்' அல்ல. யார் யாரை மணக்கலாம், எந்த நீரூற்றை எந்தக் குடும்பம் காக்க வேண்டும், எந்தப் பாட்டை யார் பாடலாம் என்பதையெல்லாம் வகுக்கும் முறை அது. ஆங்கிலத்தில் பேசும்போது அவர்களே அதை 'லா' (சட்டம்) என்கிறார்கள். நிலத்தைக் 'கன்ட்ரி' (நாடு) என்கிறார்கள். இந்த இரண்டு சொற்களும் பிடிபட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

பிடிபடாமல் தடுப்பது 'கனவுக்காலம்' என்ற சொல். மத்திய ஆஸ்திரேலியாவின் அரண்டா மொழியில் 'அல்ஜிரா' என்றொரு சொல் உண்டு. 1890களில் மானிடவியலாளர் பால்ட்வின் ஸ்பென்சர் அதிலிருந்து வந்த ஒரு சொல்லைக் 'கனவுக்காலம்' என்று பெயர்த்தார். அதே நாட்களில் லுத்தரன் மிஷனரிகள் அதே 'அல்ஜிரா'வைப் பரமபிதாவுக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதைப் படித்தால் அது ஒரு காலம், மற்றவர் எழுதியதைப் படித்தால் அது ஒரு தெய்வம். மூதாதையர் நிலத்தை உருவாக்கிய அந்தச் செயல் முடிந்துபோன பழங்கதை அல்ல, இன்றும் அந்தந்த இடத்தில் இருந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் அரண்டா மக்களின் எண்ணம். அது இரண்டு மொழிபெயர்ப்பிலும் நழுவிவிட்டது.

இனி இடங்களுக்கு வருவோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் ஹெர்மன்ஸ்பர்க் இருக்கிறது. மக்கள் வைத்த பெயர் ந்தாரியா. ஜெர்மன் லுத்தரன்கள் தெற்கிலிருந்து ஏறக்குறைய 20 மாதம் பயணம் செய்து 1877இல் அங்கே மிஷன் அமைத்தார்கள். முதல் ஞானஸ்நானம் நடக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. அந்தப் பத்து ஆண்டில் மக்களை மிஷன் பக்கம் தள்ளியது பிரசங்கம் அல்ல. குடியேறிகளின் மாட்டு மந்தைகள் நீர்நிலைகளைக் கெடுத்தன. போலீஸ்காரர் வில்ஷயரின் குழு மக்களைச் சுட்டுக் கொன்றது (1891இல் அவர்மீது கொலை வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார்). மிஷனில் மாவும் தேயிலையும் சர்க்கரையும் ரேஷனாகக் கிடைத்தன, துப்பாக்கி உள்ளே வரவில்லை. உயிருக்குப் புகலிடம் தேடிப் போனவர்கள் அங்கே பைபிளையும் சந்தித்தார்கள்.

ஆனாலும் அவர்கள் வெறுமனே வாங்கிக்கொண்டவர்கள் அல்லர். அரண்டாக்காரரான மோசஸ் ஜல்கபோட்டா பார்வை இழந்த பிறகும் பாலைவனமெங்கும் பயணம் செய்து சொந்த மொழியில் பிரசங்கித்தவர், மிஷனரி கார்ல் ஸ்ட்ரெலோவின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணையாக இருந்தவர். 1926 முதல் 1929 வரை கொடும் வறட்சி. காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் பரவிக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளின் இறுதியை ஒட்டி, சுருங்கா எனப்படும் புனிதக் கற்களும் பலகைகளும் வைத்திருந்த அருகிலிருந்த குகையை அரண்டா கிறிஸ்தவர்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் திறந்துகாட்டினார்கள். அதுவரை அவர்கள் நெருங்கவே கூடாத இடம் அது. பழைய ஆற்றல் இனி எங்களை ஆளாது என்ற அறிவிப்பாக அது அமைந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1935இல், குப்ரில்யா ஊற்றிலிருந்து குழாய் போட்டு மிஷனுக்குத் தண்ணீர் வந்தது. அந்த ஊற்றோ மழை மூதாதையருக்கு உரிய தலம். இன்றும் ஆண்டுதோறும் அதே ஊற்றுக்குப் போய்க் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஆராதனை நடத்துகிறார்கள். குகையைத் துறந்த ஊர், ஊற்றை விடவில்லை.

இதோடு வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்கோ தீவிலும் இதே செயல் நடந்தது, பொருளோ நேரெதிர். 1957இல் அங்கு வாழும் யோல்ங்கு மக்களின் தலைவர்கள், அவர்களில் டேவிட் புர்ருமர்ரா முக்கியமானவர், ரங்கா எனப்படும் இரகசிய மரச் சின்னங்களைத் தேவாலயத்துக்கு அருகே எல்லோரும் பார்க்க நட்டுவைத்தார்கள். ஒன்றின் உச்சியில் சிலுவை. அவர்கள் எதையும் துறக்கவில்லை. 'எங்களிடம் இருப்பதில் மிக உயர்ந்ததை வெளியே வைத்துவிட்டோம், நீங்கள் பதிலுக்குக் கல்வியும் வேலையும் எங்கள் காரியங்களில் எங்களுக்கே அதிகாரமும் தர வேண்டும்' என்ற பேரம் அது. அங்கே நிலம் இன்னும் யோல்ங்கு கையில் இருந்தது. இரகசியத்தை வெளியிட்டாலும் அது குறிக்கும் இடம் அவர்களை விட்டுப் போகவில்லை. அதனால்தான் பேரம் பேச முடிந்தது.

1962–63இல் அதே ஆர்ன்ஹெம் லேண்டின் இர்க்கலா மிஷன் தேவாலயத்தில் சுமார் 3.6 மீட்டர் உயரமுள்ள இரண்டு பலகைகள் வைக்கப்பட்டன. யோல்ங்கு உலகம் துவா, யிரிச்சா என்று இரு பாதி. ஒவ்வொரு பாதியின் மூத்தோரும் தங்கள் பலகையில் தங்கள் குலங்களின் வடிவங்களைத் தீட்டினார்கள். அவை வெறும் அலங்காரம் அல்ல, ஒருவகையில் நில ஆவணங்கள். அதே 1963இல் அரசு பாக்சைட் சுரங்கத்துக்காக 300 சதுர கி.மீ.க்கும் அதிகமான நிலத்தை அவர்களைக் கேட்காமலே பிரித்தெடுத்தது. யோல்ங்கு மக்கள் அதே ஓவிய முறையை மரப்பட்டையில் தீட்டி, நடுவில் மனுவை ஒட்டி, ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஆதரித்த மிஷன் பொறுப்பாளர் எட்கர் வெல்ஸை அவருடைய சபையே இடம் மாற்றியது. அவர்கள் தொடுத்த நில வழக்கில் 1971இல் நீதிமன்றம் அவர்களுக்கு ஒரு சட்ட முறை இருப்பதை ஒப்புக்கொண்டு, சொத்துரிமையை மட்டும் மறுத்தது. அந்தத் தோல்விதான் 1976இன் வடபகுதி நில உரிமைச் சட்டத்துக்கு வழிவிட்டது. பலகைகள் 1970களில் தேவாலயத்திலிருந்து அகற்றப்பட்டு வெளியே கிடந்தன. பின்னர் மீட்கப்பட்டு இப்போது ஊர்க் கலை மையத்தில் இருக்கின்றன. அவற்றை வெளியே போட்டது சபையின் பெருந்தவறு என்றே சொல்வேன்.

தென்கிழக்கில் இந்த வாய்ப்பெல்லாம் கிடைக்கவில்லை. தேவாலயம் வந்தபோது நிலம் ஏற்கெனவே பண்ணையாகிவிட்டது. பல மிஷன்களில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் அடைத்தார்கள். சேதம் நடந்தது அங்கேதான். முன்னோர் பாட்டு ஒரு பாதை. இந்தப் பாறைக்கு இந்த அடி, அடுத்த ஓடைக்கு அடுத்த அடி என்று கூடவே நடந்து கற்க வேண்டும். நடக்கவிடாமல் ஒரு தலைமுறையைப் பூட்டிவைத்தால், பாடியவர் இறக்கும் நாளில் பாட்டும் போய்விடும். அங்கிருந்தவர்கள் பைபிளையே ஆயுதமாக்கினார்கள். மலோகா மிஷனோடு தொடர்புடைய வில்லியம் கூப்பர் 1938 ஜனவரி 26இல் பழங்குடியினர் உரிமை கேட்டு நடத்திய 'துக்க நாள்' போராட்டத்துக்கு முன்னின்றவர்களில் ஒருவர். எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலரின் கதை அவர்களுக்குச் சொந்தக் கதையாகவே கேட்டது.

மிஷன் என்றாலே ஒரே மாதிரி என்றும் எழுதிவிடாதீர்கள். 1937இல் தொடங்கிய பிரஸ்பிட்டீரியன் மிஷனான எர்னபெல்லா, பிட்சன்சாரா மொழியிலேயே பள்ளி நடத்தியது, சடங்குகளில் தலையிடவில்லை.

டோரஸ் நீரிணைத் தீவினர் வேறு மக்கள், அவர்களைத் தனியாகப் பாருங்கள். 1871 ஜூலை 1 அன்று சுவிசேஷம் வந்ததை அவர்கள் 'ஒளி வந்த நாள்' என்று கொண்டாடுகிறார்கள். 1992இல் வென்ற மாபோ நில வழக்கின் வாதிகளில் ஒருவரான டேவ் பாசி ஆங்கிலிக்கன் குரு. முன்னோரின் மாலோ முறையும் கிறிஸ்துவும் ஒன்றையொன்று மறுப்பதில்லை என்பது அவர் நிலை.

இதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால், 'பழங்குடிச் சமயம்' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த மக்கள், எந்த இடம், எந்தச் சபை என்று ஒவ்வொரு முறையும் குறிப்பிடுங்கள். சுருங்கா படங்கள் பழைய நூல்களில் அச்சாகியிருந்தாலும் எடுத்துப் பகிராதீர்கள். எல்லோரும் பார்க்கலாம் என்று அவற்றுக்கு உரியவர்கள் அனுமதித்தவை அல்ல அவை. இறந்தவர் படத்தையோ பெயரையோ போடும்போது முன்னறிவிப்பு ஒன்று சேர்த்துவிடுங்கள், பல குடும்பங்களில் துக்க முறைப்படி அவற்றைக் கொஞ்ச காலம் தவிர்ப்பார்கள்.